முதியோர் ஆண்ட நீர்நகரம்

வெனிஸ் நகரத்திலே தெருக்களே இல்லை, எங்கும் தண்ணீர்தான் என்று பள்ளிக்கூடத்திலே படித்திருந்தோம். அது முழு உண்மையன்று. இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒதுங்கி வழிவிடவேண்டிய ஒடுங்கிய சந்துகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சந்து முடிந்தால் ஒரு பாலம், பாலம் முடிந்தால் இன்னொரு சந்து. ஆயினும் முதன்முறை வருபவர் கால்நடையாக வரலாகாது. புகையிரத நிலைய வாசலிலேயே காத்து நிற்கும் இயந்திரப் படகில் ஏறி, பெருங்கால்வாய் வழியாக, இருபுறமும் மாளிகைகள் நீரிலே முகம் பார்த்து நிற்க, மெல்ல மெல்ல வந்து அர்ச். மாற்கு சதுக்கத்தின் கரையில் இறங்குவதே முறை. நாமும் அப்படித்தான் வந்திறங்கினோம்.

எம்முடன் அத்தானும் அவருடைய பேரனும் வந்திருந்தனர். அத்தானுக்கு வயது 78. ஊர் வாசிகசாலைக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தலைவர். பேரன் பல்கலைக்கழக மாணவன், வயது 20. இவ்விருவரும் புறப்பட்ட நாள் முதலே ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. வாசிகசாலையின் சென்ற பொதுக்கூட்டத்திலே, இளையவர்களுக்கும் இடம் விடவேண்டும் என்று யாரோ ஒருவர் எழுந்து பேச, பேரன் கை தட்டிவிட்டானாம். அந்தக் கைதட்டு அத்தானின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது போலும்.

கரையிலே இரண்டு கருங்கற்றூண்கள். ஒன்றின்மேல் சிறகு முளைத்த சிங்கம், மற்றதன்மேல் அர்ச். தெயோடோர். அந்தக் காலத்தில் இவ்விரு தூண்களுக்கும் நடுவிலேதான் குற்றவாளிகளைத் தூக்கிலிடுவார்களாம். அதனால் ஊர்க்காரர் அவற்றின் இடையே நடக்க விரும்பார் என்று சொன்னார்கள். தூண்களைத் தாண்டினால் வலக்கைப் பக்கத்தில் டோஜ் மாளிகை. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கல்லிலே பாய் முடைந்தது போன்ற சுவர். அதன்கீழ் சித்திர வேலைப்பாடமைந்த வளைவுகள். கனத்த பகுதி மேலேயும் மெல்லிய பகுதி கீழேயுமாக, கட்டடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாற் போலத் தோன்றும்.

வாசலிலே பைகளையும் சட்டைப்பைப் பொருள்களையும் சோதிக்கிறார்கள். அத்தான் தம் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டையும், மருந்துப் பொட்டலத்தையும், பழைய காலத்து நீண்ட இரும்புத் திறப்பு ஒன்றையும் தட்டிலே வைத்தார். காவலாளி அந்தத் திறப்பை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்தான். நாமும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

டோஜ் என்பவர் வெனிஸ் குடியரசின் தலைவர். அரசரல்லர்; ஆயினும் அரசரைப் போல முடி சூடுவார், சாகுமளவும் பதவியில் இருப்பார். மரபுக் கணக்கின்படி 697இல் தொடங்கி 1797 வரை, பதினொரு நூற்றாண்டுகளிலே 120 டோஜ்கள் இருந்தனர். உள்முற்றத்திலே "இராட்சதர் படிக்கட்டு" என்ற ஒன்று உண்டு. அதன் உச்சியில் போர்த் தெய்வமாகிய மார்ஸும் கடற்றெய்வமாகிய நெப்தியூனும் ஆளுயரத்துக்கு மிக மேலாக நிற்கின்றனர். சன்சொவீனோ என்ற சிற்பி செய்தவை. அவ்விரு சிலைகளுக்கும் நடுவிலேதான் புதிய டோஜுக்குக் கொம்பு போன்ற அந்த விசித்திரமான முடியைச் சூட்டுவார்கள். எவ்வளவு பெரிய மனிதரானாலும் அந்தச் சிலைகளின் காலடியில் நின்றால் சிறு பிள்ளையைப் போலத்தான் தெரிவார். அதுவே கட்டியவர்களின் கருத்தும் என்பர்.

அத்தான் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பின்னர், மாளிகைக்குள்ளே பார்வையாளர் ஏறும் படிகளிலே, பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, முடி சூட வந்த மனிசருக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் அன்றைய பொழுது முழுவதையும் பிடித்துக்கொண்டது.

வெனிஸ் சரித்திரத்தை ஆராய்ந்தோர் ஒரு கணக்குச் சொல்கின்றனர். 1400க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்திலே டோஜாகத் தெரிவு செய்யப்பட்டவர்களின் சராசரி வயது, தெரிவான அன்று, சுமார் 72. மனிதர் நாற்பது ஐம்பதிலே மாண்டுபோவது சாதாரணமாயிருந்த காலம் அது. கொள்ளைநோய் அடிக்கடி வந்து வீடுகளைக் கூட்டிப் பெருக்கிச் சென்ற காலம். அப்படிப்பட்ட காலத்திலே எழுபதைக் கடந்தவர்களைத் தேடி எடுத்துச் சிங்காதனத்தில் இருத்தினார்கள். அந்தோனியோ கிரிமானி 1521இல் டோஜாகும்போது எண்பத்தாறோ எண்பத்தேழோ. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், 1499இல், துருக்கியரோடு நடந்த கடற்போரிலே தோற்றதற்காக விலங்கிடப்பட்டு, தீவொன்றுக்கு நாடு கடத்தப்பட்டவர் அவர். இழந்த பெயரை மீட்டு, படி ஏறி, முடி சூடி, இரண்டு ஆண்டுகளிலே இறந்தார். நிக்கலோ தா பொந்தே 1578இல் தெரிவானபோது வயது 87, இறந்தபோது 94.

"அப்ப நான் இன்னும் ஒன்பது வருசம் பொறுக்கவேணும்" என்றார் அத்தான். பேரன் சிரிக்கவில்லை.

பெருஞ்சபை மண்டபத்தினுள்ளே நுழைந்ததும் எவருக்கும் குரல் தானாகவே தணிந்துவிடும். நீளம் 53 மீற்றர். அகலம் 25 மீற்றர். நடுவிலே ஒரு தூணுமில்லை. ஒரு கோடிச் சுவர் முழுவதையும் மோட்ச இராச்சியம் என்ற ஒரே சித்திரம் நிறைத்து நிற்கிறது. இருபது மீற்றருக்கு மேல் நீளமுள்ள அந்தச் சித்திரத்தைத் தீட்டும் பொறுப்பைத் தின்தொரெத்தோ ஏற்றபோது அவருக்கும் வயது எழுபது. மகன் தொமெனிக்கோ கூட நின்று பெரும்பகுதி வேலையைச் செய்து முடித்தான். முதியவர் பெயரும் இளையவர் கையுமாக முடிந்த காரியங்கள் உலகத்திலே இது ஒன்றுதானா என்ன!

இந்த மண்டபத்திலே கூடியவர்கள் நகரத்துப் பிரபுக்கள் மட்டுமே. 1297ஆம் ஆண்டிலே சபையின் கதவைச் சாத்திவிட்டனர். அதாவது, எந்தக் குடும்பத்தார் உறுப்பினராகலாம் என்பதைப் பிறப்பினாலே வரையறுத்துவிட்டனர். பின்னர் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் பிறந்தவுடன் பெயர் பதியப் பொன்னேடு ஒன்றும் வந்தது. பெயர் பதிந்த ஆண்மகன் 25 வயதிலே கறுப்பு அங்கி தரித்துச் சபையிலே உட்காரலாம். அதற்குமுன் வர ஆசைப்படுவோருக்கு ஒரு சிறு வாசல் உண்டு: டிசம்பர் 4ஆம் திகதி, அர்ச். பார்பரா திருநாளன்று, இருபது வயது நிரம்பியவர்களுக்காகச் சீட்டுப் போடுவார்கள். பொன்முலாமிட்ட உருண்டை கிடைத்தவனுக்கு அப்போதே இடம். மற்றவன் காத்திருக்கவேண்டும். சபைக்கு வந்த பின்னரும் காத்திருக்கவேண்டும். பத்துப் பேர் சபை என்று எல்லாரும் அஞ்சிய அந்தச் சபைக்குள் போக நாற்பது வயது வேண்டும். டோஜைத் தெரிவு செய்யும் குடவோலையிலே பெயர் விழவே முப்பது வயது நிரம்பவேண்டும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இம்மண்டபத்து உறுப்பினர் இரண்டாயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டிருந்தனர். அவர்களுள் முடிவெடுத்தவர்கள் நூறு நூற்றைம்பது முதியவர்களே.

குடவோலை என்று நாம் எழுதியது வெறும் உவமைக்காக அன்று. டோஜைத் தெரிவு செய்யும் விதத்தைக் கேட்டபோது, உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்த எந்த மாணவனும் துள்ளி எழுந்துவிடுவான். விதம் இதுதான். டோஜ் இறந்ததும் பெருஞ்சபை கூடும். சபையிலே வயதில் மிகக் குறைந்த ஆலோசகர் தேவாலயத்திற்குச் சென்று வழிபட்டு, வெளியே வந்து, சதுக்கத்திலே முதலில் கண்ணில் படும் சிறுவனைக் கையைப் பிடித்து அழைத்து வருவார். எட்டு வயதோ பத்து வயதோ இருக்கும். அச்சிறுவன் பாத்திரத்துக்குள்ளே கை விட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் உருண்டை எடுத்துக் கொடுப்பான். அவ்விதம் 30 பேர் தேறுவர். மறுபடி சீட்டு, 30 பேர் 9 பேராவர். இந்த 9 பேர் 40 பேரைத் தெரிவர்; 40 பேர் சீட்டினால் 12 பேராவர்; 12 பேர் 25 பேரைத் தெரிவர்; அவர்கள் 9 பேராகக் குறைவர்; 9 பேர் 45 பேரைத் தெரிவர்; 45 பேர் 11 பேராகக் குறைவர்; அந்த 11 பேர் 41 பேரைத் தெரிவர்; முடிவில் அந்த 41 பேர் அறையிலே பூட்டப்பட்டு, 25 வாக்குக்குக் குறையாமல் பெறும் ஒருவரை டோஜாக்குவர். வாசிக்கும்போதே தலை சுற்றுகிறதன்றோ? அதுவே நோக்கம். யார் யாரைத் தெரியப்போகிறார்கள் என்று முன்கூட்டி அறிந்து இலஞ்சம் கொடுக்க எவராலும் இயலாது. 1268இல் ஏற்படுத்திய இந்த விதி, குடியரசின் கடைசி டோஜ் வரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது.

பராந்தக சோழன் காலத்திலே, 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உத்தரமேரூர்ச் சபையார் செய்ததும் இதற்கு ஒப்பானதே. குடத்திலே ஓலைகளை இட்டு, எழுத்தறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுப்பித்தனர். அதுவும் நிலமுடைய வேதியர் சபைதான், எல்லார்க்கும் உரியதன்று. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வெனிஸார் வயதுக்குக் கீழெல்லை மட்டும் வகுத்தனர். உத்தரமேரூரார் மேலெல்லையும் வகுத்தனர். முதற் சாசனத்திலே முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். அதைத் திருத்திய சாசனத்திலே முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இதைப் பேரன்தான் எடுத்துச் சொன்னான். அத்தான் மோட்ச இராச்சியச் சித்திரத்திலே ஏதோ ஒரு தேவதூதனைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் முதியவர்களையே தேடினர்? அறிவு முதிர்ச்சிக்காக என்று சொன்னால் அது அரைப் பங்கு உண்மை. வெனிஸ் வணிகர்களின் நகரம். அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் பொறாமை. எந்தக் குடும்பமும் தலையெடுத்து அரச வமிசமாகிவிடலாகாது என்பதிலே எல்லாக் குடும்பத்தாரும் விழிப்பாயிருந்தனர். முப்பது வயதுக்காரனை டோஜாக்கினால் நாற்பது ஆண்டுகள் ஆண்டு, பிள்ளைகளுக்கு வழி செய்து வைத்துவிடுவான். எழுபத்தைந்து வயதுக்காரர் சில ஆண்டுகளிலே போய்விடுவார். அடுத்த குடும்பத்தாருக்கு முறை வரும். மற்றப் பதவிகள் பெரும்பாலும் ஆறு மாதம், ஓராண்டு என்று மாறிக்கொண்டேயிருந்தன. சாகுமளவும் இருக்கும் பதவி டோஜ், அர்ச். மாற்குவின் பரிபாலகர்கள், பெருஞ்செயலாளர் ஆகியோருக்கே. ஆகையால் அந்த ஓர் ஆசனத்துக்குச் சாவை அண்டியவரே பொருத்தமானவர் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு அத்தோடு நிற்கவில்லை. தெரிவான டோஜ் ஒரு சத்தியப் பத்திரத்துக்குக் கட்டுப்படவேண்டும். தமக்கு வரும் அரசாங்கக் கடிதங்களைத் தனியே உடைத்துப் படிக்கலாகாது. பிறநாட்டுத் தூதரைத் தனியே காணலாகாது. அனுமதியின்றி நகரைவிட்டுப் போகலாகாது. இறந்த பின்னும் விடமாட்டார்கள். விசாரணையாளர் கூடி, செத்தவரின் கணக்கைப் பார்த்து, தவறு கண்டால் பிள்ளைகளிடம் அபராதம் வாங்குவர். லியொனார்தோ லொரெதான் என்ற டோஜின் முகத்தை இலண்டன் மாநகரச் சித்திரசாலையிலே பெல்லினி தீட்டிய படத்திற் காணலாம். பொன்னிழை ஓடிய வெண்பட்டும் மெலிந்த முகமுமாக, தேவாலயத்து மெழுகுதிரி போலிருப்பார். 1509இலே ஐரோப்பிய அரசுகள் பல ஒன்று சேர்ந்து வெனிஸைத் தாக்கி, அதன் தரைநாடு முழுவதையும் ஏறக்குறையப் பறித்தபோது எழுபதைக் கடந்த அம்முதியவர் தம் புதல்வரையே பாதுவா நகரக் காவலுக்கு அனுப்பினார். நகரம் தப்பியது. 1521இல் அவர் இறந்ததும் அவருடைய பிள்ளைகளிடம் அபராதம் வாங்கினார்கள்.

அக்காலத்தை ஒட்டியே நம்மவருக்கும் தொடர்புள்ள ஒரு செய்தி வெனிஸை எட்டியது. வாஸ்கோ டா காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி கண்டுவிட்டார். மலையாளத்து மிளகும் இலங்கைக் கறுவாவும் அதுவரை அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் வணிகர் கைக்கு வந்தே ஐரோப்பாவுக்குப் போயின. விலையாகச் சென்றது வெனிஸ் பொற்காசு. 1284 முதல் அடித்த அந்தக் காசிலே அர்ச். மாற்குவின் முன் டோஜ் முழந்தாளிட்டுக் கொடிக்கம்பத்தைப் பற்றியிருப்பார். தென்னிந்தியாவுக்கு வந்த அக்காசுகளைக் கண்ட நம்மவர், கம்பத்தை மரமென்றும் டோஜை மரமேறுபவரென்றும் கருதி அதற்கேற்ப ஒரு பெயரையும் இட்டு வழங்கினர். ஆயிரம் பேர் கூடி, ஒன்பது சுற்று நடத்தித் தெரிந்தெடுத்த தலைவர் நம் ஊர்ச் சந்தையிலே பனையேறியாகி விட்டார்! பெருஞ்சபைப் படி ஏறக் காத்திருந்த பிரபுக்கள் இதைக் கேட்டால் என்ன நினைத்திருப்பார்களோ?

இளைஞர்கள் என்ன செய்தார்கள்? பாட்டும் கூத்தும் நடத்தினார்கள். காற்சட்டைக் கூட்டத்தார் என்று இளம் பிரபுக்களின் சங்கங்கள் இருந்தன. ஒவ்வொரு சங்கத்துக்கும் தனிச் சித்திரவேலை செய்த காலுறை. திருமணங்களிலும் திருவிழாக்களிலும் நாடகமும் விருந்தும் அவர்கள் பொறுப்பு. பழைய சித்திரங்களிலே ஒரு காலில் ஒரு நிறமும் மறுகாலில் இன்னொரு நிறமுமாக அவர்கள் நிற்பதைப் பார்க்கலாம். அரசியலுக்குள் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது: கப்பற் காரியங்களைக் கவனிக்கும் ஐவர் குழு. அதிலே இளைஞர்களை இருத்தி, மூத்தோர் பேசுவதைக் கேட்டுப் பழகவிட்டனர். கடற்காரியம் தவிர வேறெதிலும் வாய் திறக்கலாகாது. இது நல்ல ஏற்பாடென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் கேட்டுப் பழகியவன் பேச வரும்போது அவனுக்கும் தலை நரைத்துவிடும்.

முதியோர் ஆட்சி சோம்பல் ஆட்சி என்று எண்ணிவிடக்கூடாது. என்றிக்கோ தந்தோலோ 1192இல் டோஜானபோது முதுமை எய்தியவர், கண்பார்வையும் இல்லை. அந்நிலையில் சிலுவைப் படையோடு கப்பலேறி, 1204இலே கொன்ஸ்தாந்திநோபிளையே வீழ்த்தி, மறு ஆண்டு அங்கேயே இறந்தார். கிறிஸ்தவர் நகரத்தைக் கிறிஸ்தவர் சூறையாடிய அக்கொடுமையைப் புகழ நாம் விரும்பவில்லை. முதுமைக்கு ஆசை குறைவு என்று சொல்பவர்களுக்காக இதனைக் குறிப்பிட்டோம். லெபாந்தோ கடற்போரில், 1571இல், வெனிஸ் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய செபஸ்தியானோ வெனியெருக்கு எழுபத்தைந்து வயதளவில் இருக்கும். அவரும் பின்னர் டோஜானார். 1577 டிசம்பரிலே இம்மாளிகையில் தீப்பிடித்து இந்த மண்டபமே எரிந்தது. சில மாதங்களில் அவர் மாண்டார். அந்திரேயா கிரித்தி என்ற டோஜோ 83 வயதிலே, நத்தார் விரதநாளன்று சுட்ட விலாங்குமீனை அளவு மீறி உண்டதனால் இறந்தார் என்று சொல்வார்கள். இதைக் கேட்டதும் அத்தானுக்கு முகம் மலர்ந்தது.

மண்டபத்தின் கூரையை ஒட்டினாற்போல் முதல் 76 டோஜ்களின் முகங்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. எல்லாம் தாடி, எல்லாம் சுருக்கம். ஓரிடத்திலே முகமில்லை. கருந்துணி தொங்குவது போல் எழுதி, குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்ட மரினோ பலியெரோவின் இடம் இது என்று இலத்தீனிலே பொறித்திருக்கிறார்கள். 1354இலே டோஜானபோது அவர் எழுபது வயதளவினர். இளம் பிரபுக்கள் சிலர் அவருடைய குடும்பத்தை இழிவுபடுத்தி மாளிகையிலே எழுதி வைத்தனராம். அவர்களுள் ஒருவன் மிக்கேலே ஸ்தெனோ. தண்டனை மிகச் சொற்பம். அந்தக் கோபத்தினாலோ, வேறு காரணத்தினாலோ, பிரபுக்களை ஒழித்துத் தாமே அரசராக முயன்ற முதியவர் பிடிபட்டு, 1355 ஏப்ரில் 17ஆம் திகதி, முன்பு முடி சூடிய மாளிகைப் படிக்கட்டிலேயே வெட்டுண்டார். அந்த ஸ்தெனோ என்னவானான் என்று கேட்பீர்கள். சபையிலே காத்திருந்தான், தலை நரைத்தது, 1400ஆம் ஆண்டிலே, எழுபதை நெருங்கும் வயதில், டோஜாகத் தெரிவு செய்யப்பட்டார். அவருடைய முகமும் அந்த வரிசையிலே உண்டு.

எல்லாரையும்விட எம் நெஞ்சிலே நின்றவர் பிரான்செஸ்கோ பொஸ்காரி. வாசற்கோபுரத்திலே, சிங்கத்தின் முன்னே முழந்தாளிட்டிருக்கும் உருவம் அவருடையது. இப்போதிருப்பது பிற்காலத்துப் பிரதி. பழையதை 1797இலே உடைத்துவிட்டார்கள். 1423இல் அவர் டோஜானபோது வயது 49 மட்டுமே. வெனிஸ் கண்ணுக்கு அது பாலப்பருவம். அவருக்குமுன் டோஜாயிருந்த முதியவர் மொச்செனீகோ, மரணப்படுக்கையிலிருந்து, பொஸ்காரியை மட்டும் தெரியாதீர்கள், போரிலே நாட்டை மாட்டிவிடுவான் என்று எச்சரித்தாராம். தெரிந்தார்கள், போரும் வந்தது, மிலானோடு முப்பதாண்டு வரை விட்டு விட்டு நடந்தது. பொஸ்காரி 34 ஆண்டுகள் ஆண்டார். வேறெந்த டோஜும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. இளையவராய் வந்தவர் சிங்காதனத்திலேயே முதியவரானார். இடையிலே தாமே விலக முன்வந்தபோது விடமாட்டோம் என்றனர் என்பர்.

அவருக்கு எஞ்சியிருந்த ஒரே மகன் யாக்கொப்போ. பரிசில் வாங்கினான் என்று குற்றஞ்சாட்டி நாடு கடத்தினார்கள். பின்னர் ஒரு கொலைக் குற்றம். அதன் பின்னர் அந்நிய அரசுகளோடு கடிதத் தொடர்பு. பத்துப் பேர் சபை அவனைக் கயிற்றிலே கட்டித் தூக்கி விசாரித்தது. மாளிகையின் ஒரு பகுதியிலே தந்தை டோஜாக வீற்றிருக்க, இன்னொரு பகுதியிலே மகனுக்குச் சித்திரவதை. தந்தை குறுக்கிட முடியாது, விதி அது. கடைசியாகக் கண்டபோது, எப்படியாவது வீட்டுக்கு வரச் செய்யுங்கள் என்று மகன் கெஞ்ச, நகரம் எதைக் கட்டளையிடுகிறதோ அதற்குப் பணிந்து போ என்றாராம் தந்தை. மகன் கிறீற்றுத் தீவிலே 1457இன் தொடக்கத்தில் இறந்தான். அதன்பின் முதியவர் சபைக்கு வருவதை விட்டுவிட்டார். அதுவே காரணமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரிலே, எண்பத்துநான்கு வயதில், விலகும்படி கட்டளை பிறந்தது. அவரெதிரிலேயே முத்திரை மோதிரத்தை உடைத்தார்கள். பக்கத்துப் படியால் இறங்கிப் போகலாம் என்று தமையனோ தம்பியோ சொல்ல, ஏறி வந்த படியாலேயே இறங்குவேன் என்று கோலூன்றி இறங்கினாராம். ஒரு கிழமை கழிந்து நவம்பர் முதலாந் திகதி இறந்தார். அதன்பின் நகரம் அவருக்கு டோஜுக்குரிய சகல மரியாதையோடும் மரணச் சடங்கு செய்ய முன்வந்தது. என் சீதனத்தை விற்றாவது நானே செய்துகொள்வேன், உங்கள் மரியாதை வேண்டாம் என்று மறுத்தாள் விதவை. அவள் சொல் எடுபடவில்லை.

முதியவர்களின் ஆட்சியிலே முதியவருக்கும் இரக்கமில்லை என்பதை அந்த வாசலிலே நின்று நினைத்துக்கொண்டோம்.

முடிவைச் சுருக்கமாகவே சொல்லலாம். அது நடந்ததும் சுருக்கமாகத்தான். 1797ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இதே மண்டபத்திலே பெருஞ்சபை கூடிற்று. டோஜ் லொதொவிக்கோ மனீன் எழுபதைக் கடந்தவர். கரைக்கு அப்பால் நின்ற பிரெஞ்சுப் படையின் தலைவனாகிய நெப்போலியனுக்கு வயது 27. அவன் வெனிஸ் பிரபுவாகப் பிறந்திருந்தால், டோஜ் தெரிவுக் குடவோலையிலே பெயர் இட இன்னும் மூன்றாண்டு காத்திருக்கவேண்டும். சபைக்கு 600 பேர் கூடவேண்டும் என்பது விதி. அத்தனை பேர் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கையில் வெளியே துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்டது. ஊரைவிட்டுப் புறப்பட்ட தல்மாத்தியப் போர்வீரர் விடைபெறுமுகமாகச் சுட்ட வெடி அது. பிரபுக்கள் அதைக் கலகமென்று எண்ணி, அவசர அவசரமாக வாக்களித்து, குடியரசைக் கலைத்துவிட்டு, ஓடிப்போனார்கள். மனீன் தம் முடியின் கீழ் அணியும் வெண்துணித் தொப்பியைக் கழற்றி வேலையாளிடம் கொடுத்து, இது இனித் தேவைப்படாது என்றார்.

மாளிகையைவிட்டு வெளியே வந்தபோது பிற்பகல் மூன்று மணி. ரியால்தோப் பாலத்துக்கு அருகே, சான் பர்த்தொலொமேயோச் சதுக்கத்து மருந்துக்கடை ஒன்றின் யன்னலிலே, எழுத்து மாறும் மின்பலகை ஒன்றைக் கண்டோம். மருந்து விலை என்று நினைத்தோம். அன்று, அது இந்த நீர்நகரத்திலே வசிப்போரின் தொகை. 2008இலே அதை வைத்தார்களாம். 1951இல் ஏறக்குறைய 175,000 பேர் வாழ்ந்த நகரம். 2022இலே தொகை 50,000க்குக் கீழே இறங்கிற்று. வீடுகளெல்லாம் பயணிகள் விடுதிகளாக, வாடகை ஏற, வேலை தேடி இளையோர் தரைநாட்டுக்குப் போய்விட்டனர். சந்துகளிலே சக்கரம் பூட்டிய பையை மெல்ல இழுத்துக்கொண்டு கடைக்குப் போய் வருபவர் பலரும் எழுபது எண்பது வயதுக் கிழவிகளே. பாலத்தின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுகிறார்கள். அவர்களை எவரும் எந்தச் சபைக்கும் தெரியவில்லை. இருக்கிறவர்கள் அவர்கள்தாம், அவ்வளவே.

அத்தான் அந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றார். எங்கள் ஊர் வாசிகசாலையிலே ஒரு காலத்தில் மாலை வேளையில் பத்திரிகைக்கு அடிபடுவார்கள். ஒருவர் முதற்பக்கம் வாசிக்க, மற்றவர் பின்பக்கத்தைக் குனிந்து வாசிப்பார். இன்று அந்தப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். போரும் அதன் பின்னாலே பிழைப்பும் அள்ளிக்கொண்டு போயின. எஞ்சியவர்களிலே இன்னும் சிலர் புறப்பட ஆயத்தம். இவற்றை அத்தான் சொல்லவில்லை. "இப்பிடி ஒரு பலகை எங்கடை சந்தியிலை வைச்சால் என்ன இலக்கம் காட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் படகு பெருங்கால்வாய் வளைவிலே திரும்பியபோது, இடக்கைப் பக்கம் சாய்வெயிலிலே ஒரு பெரிய மாளிகை நின்றது. பொஸ்காரி கட்டிய மாளிகை. பதவி பறிபோனபின் அவர் போய் இறந்ததும் அங்கேதான். இப்போது அது பல்கலைக்கழகம். 1868இல் வர்த்தகப் பாடசாலையாகத் தொடங்கியது. நீர்ப்படியிலே மாணவர் சிலர் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். ஒருத்தி எங்கள் படகைப் பார்த்துக் கை அசைத்தாள். பேரனும் அசைத்தான்.

"அப்பப்பா, உங்களை ஒண்டு கேக்கலாமோ?" என்றான் அவன், பயணத்திலே முதன்முறையாக. "வாசலிலை தட்டிலை வைச்ச திறப்பு எங்கத்தையான்?"

அத்தான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வாசிகசாலைத் திறப்பு. ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு தெரியேல்லை. அதுதான் கொண்டு வந்திட்டன்."

"மூன்று கிழமையாப் பூட்டியே கிடக்கு?"

அத்தான் விடை சொல்லவில்லை. படகு புகையிரத நிலையத் துறையிலே முட்டி ஒருமுறை ஆடிற்று. பேரன் முதலில் குதித்திறங்கிக் கை நீட்டினான். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.